பெயர் தெரியாத ஊசியிலை மரப்பலகையை இனங்காணுதல்

பலகையின் மேற்பரப்பு நிறத்தை நம்ப வேண்டாம். வெயில் பட்டால் அது மாறிவிடும். முனையின் குறுக்குவெட்டு முகத்தைப் புதிய பிளேடால் மெல்லச் சீவி, சிறிது நீர் தடவி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பார்க்க வேண்டும். அங்கே ஊசித்துளை போன்ற நீர்க்குழாய்கள் பரவலாகத் தென்பட்டால் அது ஊசியிலை மரமே அன்று.

அடுத்துத் தேட வேண்டியவை பிசின் குழாய்கள். பைனில் அவை பெரியவையாகவும் ஏராளமாகவும் தனித்தனியே சிதறியிருக்கும். ஸ்புரூஸ், லார்ச், டக்ளஸ் ஃபர் ஆகியவற்றில் சிறியவையாகவும் குறைவாகவும், பெரும்பாலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய குறுகிய வரிசைகளாகவும் அமையும். இம்மூன்றில் ஸ்புரூஸின் வைரப்பகுதி (தண்டின் உட்பகுதி மரம்) மட்டும் வெளிறியிருக்கும். குழாய்களே இல்லையெனில் ஃபர், ஹெம்லாக், சீடர் ஆகியவற்றைக் கருதலாம். சீவிய இடத்தில் நறுமணம் எழுந்தால் பெரும்பாலும் சீடர்தான். ஆனால் மரம் காயம்பட்டபோது உருவான குழாய்கள், நீண்ட ஒற்றை வரிசையாக நின்று, ஃபர், ஹெம்லாக், சீடர் ஆகியவற்றிலும் ஏமாற்றக்கூடும்.