படையெடுத்தா பயங்கரவாதம் குறையுமா, கூடுமா? இந்த வாதத்துல தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த டாபிக்ல பேச்சு ஆரம்பிச்சா ரெண்டு வசனம் கண்டிப்பா வந்து விழும். ஒருத்தர் "2001 செப்டம்பர் 11க்கு அப்புறம் அமெரிக்காவுக்குள்ள அந்த அளவுல ஒரு தாக்குதல் நடந்துச்சா, இல்லேல்ல, அப்ப படை அனுப்பினது வேலை செஞ்சிருக்கு"ன்னுவார். இன்னொருத்தர் "ஈராக்குக்குள்ள போகாம இருந்திருந்தா ஐஎஸ்ஐஎஸ்னு ஒண்ணு வந்தே இருக்காது"ன்னுவார். ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, அதுலேருந்து தாவுற முடிவுலதான் கோளாறு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: ராணுவம் உள்ள போனா ஒரு குழுவோட கேம்பை உடைக்க முடியும், அது நிஜம், ஆனா அங்க இருக்கிற அரசாங்கத்தையும் சேர்த்து உடைச்சுட்டு அந்த இடத்துல வேற ஒண்ணை நிக்க வைக்க முடியலைன்னா உடைச்சதைவிட மோசமான ஒண்ணு அந்தக் காலி இடத்துல முளைக்கும். பல தடவை நடந்ததும் அதுதான். ஆனா இந்த முடிவுக்கே கூட நம்மாளுங்க தப்புத்தப்பான வழியில வந்து சேர்றாங்க, அதைத்தான் எழுதணும்னு தோணுச்சு.

எல்லாத்தையும் ஒரே கணக்குல சேர்க்கிறது

2001 ஆப்கானிஸ்தான், 2003 ஈராக், 2013ல மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலி, நடுவுல விழுந்த ட்ரோன் தாக்குதல்கள், எல்லாத்துக்கும் "படையெடுப்பு"ன்னு ஒரே பேரு வச்சு பேசுறது. ஆப்கானிஸ்தான்ல அல் கொய்தாவுக்கு நிஜமாவே பயிற்சி முகாம்கள் இருந்துச்சு, பின்லேடன் அங்கதான் இருந்தார், தாலிபான் அவரை ஒப்படைக்க மாட்டேன்னுட்டாங்க. 2001 அக்டோபர் 7ல ஆரம்பிச்சு நவம்பர் நடுவுல காபூல் விழுந்துடுச்சு, கேம்பெல்லாம் காலி. இந்த இடத்துல "ஒண்ணும் பிரயோஜனம் இல்ல"ன்னு சொல்றது நேர்மை இல்ல. ஈராக் கதையே வேற. சதாம் உசேன் அரசுக்கும் அல் கொய்தாவுக்கும் சேர்ந்து செயல்படுற அளவுக்கு உறவு எதுவும் இல்லைன்னு அமெரிக்காவோட சொந்த 9/11 விசாரணை கமிஷனே 2004ல சொல்லிடுச்சு, அதாவது இல்லாத மிரட்டலை ஒழிக்கப் போன இடம் அது. மாலிக்கு பிரான்ஸ் படை அந்த நாட்டு அரசாங்கம் கூப்பிட்டதால போச்சு, அதை ஈராக்கோட ஒப்பிடவே கூடாது.

அதுக்காக கூப்பிட்டு போனா நல்லபடியா முடியும்னும் இல்ல. மாலியில டிம்பக்டு, காவோ மாதிரி ஊர்களை ஜிஹாதி குழுக்கள்கிட்டேருந்து சில வாரத்துலயே மீட்டாங்க, ஆனா 2022ல பிரெஞ்சுப் படை கிளம்புறப்ப வன்முறை புர்கினா ஃபாசோ, நைஜர் வரைக்கும் பரவியிருந்துச்சு. 1987ல ஒப்பந்தம் போட்டு இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை அந்த அக்டோபர்லயே புலிகளோட சண்டையில இறங்கி, 1990 மார்ச்ல கிட்டத்தட்ட 1200 வீரர்களை இழந்துட்டு திரும்பி வந்தது, அடுத்த வருஷம் மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

யாருக்கு ஆபத்துன்னு கேக்காம பேசுறது

"ஆபத்து குறைஞ்சுது"ன்னா யாருக்குக் குறைஞ்சுது? நியூயார்க்ல இருக்கிறவருக்கா, பாக்தாத்ல கடைக்குப் போறவருக்கா? "அவங்களை அங்கயே சண்டையில இழுத்துப் பிடிச்சு வச்சா இங்க வரமாட்டாங்க"ன்னு அந்தக் காலத்துல அமெரிக்க அரசியல்வாதிங்க மேடைக்கு மேடை பேசினாங்க. அந்த "அங்க"ல மனுஷங்க வாழ்றாங்கங்கறது கணக்குலயே வரல. 2003க்கு முன்னாடி ஈராக்ல தற்கொலைத் தாக்குதல்ங்கறது ஏறக்குறைய கேள்விப்படாத ஒண்ணு, அதுக்கப்புறம் சந்தையிலயும் மசூதியிலயும் போலீஸ் ஆளெடுப்பு வரிசையிலயும் குண்டு வெடிக்கிறது வாடிக்கையாயிடுச்சு. உலக அளவுல பயங்கரவாதத்துல சாவு உச்சத்துக்குப் போனது 2014ல, அதுல பெரும்பகுதி ஈராக், நைஜீரியா, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், சிரியான்னு ஒரு சில நாட்டுலயே விழுந்தது.

சரி, "இங்க" வராமலாவது இருந்தாங்களா? 2004 மார்ச் 11ல மாட்ரிட் ரயில்கள்ல குண்டு வெடிச்சு 190 பேருக்கு மேல செத்தாங்க, 2005 ஜூலை 7ல லண்டன்ல 52 பேர். பிரிட்டன் உளவுத்துறை எம்ஐ5க்கு அப்ப தலைவரா இருந்த எலிசா மேனிங்ஹாம் புல்லர், ஈராக் படையெடுப்பால பிரிட்டனுக்கு ஆபத்து கணிசமா கூடுச்சுன்னு 2010ல ஈராக் போரைப் பத்தி பிரிட்டன் வச்ச சில்காட் விசாரணைக் குழு முன்னாடி நேரடியாவே சொன்னாங்க. போருக்கு முன்னாடியே, 2003 பிப்ரவரியிலயே பிரிட்டிஷ் உளவு அமைப்பு இதை எச்சரிச்சிருந்துச்சு, ஆக யாருக்கும் தெரியாம நடந்த விஷயம்னு சொல்ல முடியாது.

அமெரிக்காவுக்குள்ள 2001 மாதிரி மறுபடி நடக்கலையேன்னா, அதுக்கு விமான நிலைய சோதனை மாறினது, பணப் பரிமாற்றத்தைக் கண்காணிச்சது, உளவு அமைப்புங்க தகவலைப் பகிர ஆரம்பிச்சதுன்னு அஞ்சாறு காரணம் ஒரே நேரத்துல ஓடிட்டிருந்துச்சு. அதுல ஒண்ணை மட்டும் எடுத்து முழு மார்க்கையும் அதுக்கே போட முடியாது.

எப்ப அளக்கிறோம்ங்கறதை மறக்கிறது

இதுதான் எனக்குத் தெரிஞ்சு ரொம்ப பேர் விழுற குழி. 2003 மே 1ல அமெரிக்க அதிபர் புஷ் விமானந்தாங்கிக் கப்பல்ல நின்னு பெரிய சண்டை முடிஞ்சதுன்னு பேசினார், அன்னிக்கு அளந்தா வெற்றி. அதே வருஷம் ஆகஸ்ட் 19ல பாக்தாத்ல ஐ.நா. அலுவலகத்தை லாரி குண்டு வச்சு தகர்த்தாங்க, ஐ.நா. பிரதிநிதி செர்ஜியோ வியேரா டி மெல்லோவையும் சேர்த்து 22 பேர் செத்தாங்க. 2006 பிப்ரவரியில ஷியாக்கள் புனிதமா நினைக்கிற சாமர்ரா மசூதியில குண்டு வெடிச்சதும் நாடே ஷியா சன்னி ரத்தக்களரியாயிடுச்சு, அப்ப அளந்தா படுதோல்வி. 2007ல கூடுதலா கிட்டத்தட்ட 30,000 துருப்புகள் வந்து, அன்பார் மாகாணத்து சன்னி பழங்குடித் தலைவர்களே அல் கொய்தாவுக்கு எதிரா திரும்பி, 2008, 2009ல வன்முறை வெகுவா இறங்குச்சு, அப்ப அளந்தா மறுபடி வெற்றி மாதிரி தெரியும். 2011 டிசம்பர்ல அமெரிக்கப் படை கிளம்புச்சு, 2014 ஜூன்ல மோசுல் நகரம் ஐஎஸ்ஐஎஸ் கையில. எந்த வருஷத்தை எடுக்கிறியோ அந்த வருஷம் உன் கட்சிக்கு சாட்சி சொல்லும்.

சோமாலியா இன்னும் தெளிவான உதாரணம், ஆனா யாரும் பேசுறதே இல்ல. 2006ல மொகடிஷுவை இஸ்லாமிய நீதிமன்றங்களோட கூட்டமைப்பு ஒண்ணு கையில வச்சிருந்துச்சு, அதுல அல் ஷபாப் ஒரு சின்ன முரட்டு இளைஞர் அணி மாதிரிதான். அந்த டிசம்பர்ல எத்தியோப்பிய ராணுவம் உள்ள வந்து சில நாள்லயே கூட்டமைப்பை கலைச்சுடுச்சு. கலைஞ்சதுல மிதவாதிங்க வெளிநாட்டுக்கு ஓடிட்டாங்க, நின்னு சண்டை போட்டது அல் ஷபாப், அதனால "அந்நியப் படையை எதிர்க்கிறவங்க"ங்கற பேரும் ஆளும் பணமும் அவங்களுக்கே போச்சு. 2009 ஜனவரியில எத்தியோப்பியா கிளம்பினப்ப நாட்டுக்கு அதிபரானது யாருன்னு பாத்தா, எந்தக் கூட்டமைப்பை விரட்டினாங்களோ அதோட பழைய தலைவர் ஷேக் ஷரீஃப் அகமதுதான். அப்படின்னா நடுவுல ரெண்டு வருஷம் எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல. அல் ஷபாப் மட்டும் போகல, 2010ல உகாண்டாவோட கம்பாலா, 2013ல கென்யாவோட நைரோபி வெஸ்ட்கேட் மால்னு தாக்கினாங்க, 2017 அக்டோபர்ல மொகடிஷுவிலயே ஒரே லாரி குண்டுல 500 பேருக்கும் மேல செத்தாங்க.

1982ல இஸ்ரேல் லெபனானுக்குள்ள போனதும் இதே வகைதான், பாலஸ்தீன விடுதலை அமைப்பை பெய்ரூட்லேருந்து துனிஸுக்கு விரட்டுறதுல ஜெயிச்சாங்க, அந்தப் போர்லயும் ஆக்கிரமிப்புலயும்தான் ஈரான் உதவியோட ஹிஸ்புல்லா உருவாச்சு.

படையெடுத்த நாளை மட்டும் பாக்கிறது, மறுநாளை விடுறது

ஈராக்ல டாங்க் உள்ள வந்ததை விட பெரிய சேதம் ரெண்டு பேப்பர்ல நடந்துச்சு. 2003 மே மாசம் அங்க நிர்வாகியா வந்த பால் பிரெமர், முதல் உத்தரவுல சதாமோட ஆளுங்கட்சியான பாத் கட்சியோட மேல்மட்ட ஆளுங்களுக்கு அரசு வேலையே கிடையாதுன்னார். அந்த நாட்டுல கட்சியில இல்லாம ஸ்கூல்லயோ ஆஸ்பத்திரியிலயோ மேல வர்றது கஷ்டம், அதனால வாத்தியார், டாக்டர், இஞ்சினியர்னு பலரும் இதுல மாட்டினாங்க. ரெண்டாவது உத்தரவுல மொத்த ராணுவத்தையும் கலைச்சார். சம்பளம் இல்ல, மரியாதை இல்ல, ஆனா துப்பாக்கி சுடத் தெரியும், ஆயுதக் கிடங்கு எங்க இருக்குன்னும் தெரியும், அப்படி லட்சக்கணக்கான ஆம்பளைங்களை ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பினா என்ன ஆகும்? பின்னாடி ஐஎஸ்ஐஎஸ் அமைப்போட ராணுவ மூளையா இருந்தவங்கள்ல பலர் சதாமோட பழைய அதிகாரிங்க. அதோட தலைவரான அபு பக்கர் அல் பாக்தாதி 2004ல அமெரிக்காவோட புக்கா முகாம்ல கைதியா இருந்தவர், அந்த ஜெயிலுக்குள்ளயே தீவிரவாதிங்களும் பழைய அதிகாரிங்களும் ஒருத்தருக்கொருத்தர் பழக்கமானாங்க.

இதை வச்சு "ஐஎஸ்ஐஎஸ்ஸை அமெரிக்காதான் உருவாக்குச்சு"ன்னு ஒரே கோடா இழுத்துடறது எதிர்ப்பக்கத்து தப்பு. ஐஎஸ்ஐஎஸ்ஸுக்கு முன்னோடியான, ஈராக் அல் கொய்தா அமைப்பை நடத்தின ஜர்காவி 2003க்கு முன்னாடியே வடக்கு ஈராக்ல வந்து உக்காந்திருந்த ஆள். அவரோட அமைப்பு 2010 வாக்குல கிட்டத்தட்ட நசுங்கிப் போன நிலைமையில இருந்துச்சு, அதை எழுப்பி விட்டதுல 2011ல ஆரம்பிச்ச சிரியா உள்நாட்டுப் போருக்கும், சன்னி மக்களை ஒதுக்கி வச்ச அப்போதைய ஈராக் பிரதமர் மாலிகியோட அரசாங்கத்துக்கும் பெரிய பங்கு. படையெடுப்பு கதவைத் திறந்து வச்சுது, அது வழியா உள்ள வர்றதுக்கு வேற பலரும் உதவினாங்க.

நம்பரைக் காட்டி வாயடைக்கிறது

2004 ஏப்ரல்ல அமெரிக்க வெளியுறவுத்துறை ஒரு வருடாந்திர ரிப்போர்ட் விட்டுச்சு, 2003ல பயங்கரவாதம் குறைஞ்சிருக்கு, செத்தவங்க 307 பேர்னு. நாங்க ஜெயிச்சிட்டிருக்கோம்னு அதிகாரிங்க பெருமையா பேசினாங்க. வெளியில ரெண்டு பேராசிரியருங்க கணக்கைப் பிரிச்சு மேஞ்சு, வருஷக் கடைசியில நடந்த தாக்குதல்களே அதுல இல்லைன்னு காட்டினாங்க. ஜூன்ல திருத்தி வெளியிட்டப்ப 307ங்கறது 625 ஆயிடுச்சு. அதுலயும் ஈராக்ல சண்டையில இருக்கிற வீரர்கள் மேல நடந்த தாக்குதல் சேராது. ராணுவ வண்டியில குண்டு வச்சா அது பயங்கரவாதமா கிளர்ச்சியாங்கறது வரையறையைப் பொறுத்தது, வரையறையை லேசா நகர்த்தினா கிராஃப் ஏறும், இறங்கும்.

அடிக்கடி சுத்துற இன்னொரு நம்பர் 7 சதவீதம். ரேண்ட்ங்கற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2008ல வெளியிட்ட ஆய்வு, 1968லேருந்து 2006 வரைக்கும் இருந்த 648 குழுக்களை எடுத்துப் பாத்துச்சு. முடிவுக்கு வந்த குழுக்கள்ல 43 சதவீதம் அரசியலுக்குள்ள வந்து முடிஞ்சது, 40 சதவீதம் போலீசும் உளவுத்துறையும் முடிச்சது, ராணுவத்தால முடிஞ்சது வெறும் 7. கேக்க நல்லா இருக்கு, நானும் இந்த ஆய்வு முக்கியம்னுதான் சொல்வேன், ஆனா இதை வச்சு ராணுவமே வேஸ்ட்னு முடிக்க முடியாது. சின்ன குழுவுக்கு போலீஸ் போதும், போலீஸால முடியாத பெரிய குழு மேலதான் ராணுவம் போகுது, கஷ்டமான கேஸையே எடுக்கிற டாக்டர்கிட்ட சாவு எண்ணிக்கை கூட இருக்கிற மாதிரி. ராபர்ட் பேப்னு ஒரு பேராசிரியர் 1980லேருந்து 2003 வரைக்கும் நடந்த 315 தற்கொலைத் தாக்குதலை ஆராய்ஞ்சு, அந்நிய ஆக்கிரமிப்புதான் முக்கிய காரணம்னார். அதுக்கும் இதே வகையில ஒரு எதிர்க்கேள்வி வந்துச்சு: ஆக்கிரமிப்பு இருந்தும் தற்கொலைத் தாக்குதல் நடக்காத இடங்களைப் பாக்காம எப்படி காரணம் கண்டுபிடிச்சீங்கன்னு.

கொன்ன தலையை எண்ணுறதும் இதே ரகம். ஈராக் போரை நடத்தின அப்போதைய அமெரிக்க பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டே 2003 அக்டோபர்ல தன் ஆளுங்களுக்கு எழுதின குறிப்புல, நாம தினமும் பிடிக்கிற, கொல்ற ஆளுங்களை விட புதுசா சேர்றவங்க அதிகமா இருக்காங்களான்னு கேட்டு, அதை அளக்க நம்மகிட்ட அளவுகோலே இல்லைன்னார். 2006 ஜூன்ல ஜர்காவியை கொன்னாங்க, ஆனா அதுக்கடுத்த மாசங்கள்தான் ஈராக்ல ரொம்ப ரத்தம் சிந்தின காலம்.

போனதால கூடுச்சுன்னா வந்துட்டா குறையும்னு நினைக்கிறது

இது படையெடுப்பை எதிர்க்கிறவங்க சத்தம் போடாம பண்ற தப்பு. 1989 பிப்ரவரியில சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டு கிளம்புச்சு, அமைதி வரல, உள்நாட்டுச் சண்டை, தாலிபான், அப்புறம் அல் கொய்தா முகாம்னு வரிசையா வந்துச்சு. 2021 ஆகஸ்ட்ல அமெரிக்கா கிளம்புச்சு, ஒரு வருஷம் ஆகுறதுக்குள்ள அல் கொய்தா தலைவர் ஜவாஹிரி காபூல்லயே ஒரு வீட்டுல குடியிருந்தது தெரிஞ்சு ட்ரோன்ல கொன்னாங்க. இதை ஒருத்தர் "பாத்தியா, நாம கிளம்பினதும் திரும்ப வந்துட்டான்"னு காட்டுவார், இன்னொருத்தர் "பாத்தியா, தரையில ஒரு சிப்பாய் இல்லாமலே முடிச்சாச்சு"ன்னு அதையே காட்டுவார். இதுக்கு நடுவுல தாலிபானுக்கே எதிரியான, ஐஎஸ்ஐஎஸ்ஸோட ஆப்கானிஸ்தான் கிளையான ஐஎஸ் கோராசானோட கைவரிசைன்னு 2024 ஜனவரியில ஈரானோட கெர்மான்லயும் மார்ச்ல மாஸ்கோ இசை அரங்கத்துலயும் நடந்த தாக்குதல்களைச் சொல்றாங்க. அமெரிக்காவோட 20 வருஷப் போர்ல ஈரானும் ரஷ்யாவும் ஆப்கானிஸ்தானுக்கு ஒரு படையும் அனுப்பல, ஆனா ரெண்டு நாடும் சிரியா போர்ல இறங்கி ஐஎஸ்ஸோட சண்டை போட்டவங்க.