பாட்டை அறிவிக்கும்போது ஆளை மாற்றாதீர்கள்

சிங்கப்பூரில் ஏப்ரலில் தமிழ் மொழி விழா, ஆகஸ்டில் தேசிய தினம், அப்புறம் தீபாவளி என்று சமூக மன்ற மேடைகளில் மெல்லிசைக்குக் குறைவே இல்லை. பாடுகிறவர்கள் வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறார்கள். நெறியாளருக்கோ பல நேரம் நிகழ்ச்சி அன்று மாலைதான் பாடல் பட்டியல் கைக்கு வருகிறது. அவசரத்தில் இணையத்தைத் தட்டிப் பார்த்து, கண்ணில் பட்ட பெயரை அறிவித்துவிடுகிறார்.

அதில் அதிகம் அடிபடுவது எண்பதுகளின் பாட்டுகள். அந்தக் காலத்துப் பாட்டு என்றாலே இளையராஜா என்று முடிவு கட்டிவிடுகிறோம். ‘வேதம் புதிது’ (1987) பாரதிராஜா படம் என்பதால் இசையும் ராஜாதான் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அதற்கு இசை தேவேந்திரன். அதே ஆண்டு வந்த ரஜினியின் ‘மனிதன்’ சந்திரபோஸ் இசை. ‘செந்தூரப்பூவே’ மனோஜ்-கியான். இவர்களின் பாட்டுகள் எல்லாம் ‘ராஜா ஹிட்ஸ்’ என்ற பெயரில் இணையத் தொகுப்புகளில் கலந்து கிடக்கின்றன. ராஜாவுக்கு ஆயிரம் படங்களின் புகழ் இருக்கிறது. தேவேந்திரன் என்றால் ஊர் நினைவில் வைத்திருப்பது ‘வேதம் புதிது’ ஒன்றைத்தான். அதையும் மேடைக்கு மேடை பிடுங்கிக்கொள்வது பெரிய அநியாயம்.

கவிஞர்கள் பாடு இன்னும் மோசம். பழைய தத்துவப் பாட்டா, கண்ணதாசன் என்று சொல்லிவிடுவார்கள். ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தின் ‘தூங்காதே தம்பி தூங்காதே’ பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது. அடுத்த ஆண்டே, 29 வயதில் இறந்துபோனவர் அவர். படத்தின் டைட்டிலைப் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பல கவிஞர்கள் எழுதிய படமென்றால் டைட்டிலில் எல்லாப் பெயரும் மொத்தமாக வரும். எந்தப் பாட்டு யாருடையது என்று தெரியாது. பழைய இசைத்தட்டு உறையோ பாட்டுப் புத்தகமோ கிடைத்தால் அதைத்தான் நம்பலாம்.

பாடகர் பெயரோடு நிறுத்திவிடுவதும் சரியல்ல. ‘கல்யாணப் பரிசு’ (1959) பாட்டுக்கு ஏ.எம். ராஜா பாடியது என்கிறார்கள். அந்தப் படத்துக்கு இசையமைத்தவரும் அவரே.

நம்ம ஊர்ப் பாட்டுக்கு வருவோம். ‘முன்னேறு வாலிபா’ இங்கே தமிழ் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அதை இயற்றிய எஸ். ஜேசுதாசன் பெயர் எத்தனை மேடையில் ஒலிக்கிறது? சொல்கிறவர்களும் சிலசமயம் பின்னணிப் பாடகர் யேசுதாஸோடு குழப்பிக்கொள்கிறார்கள். இருவரும் வேறு வேறு. 2012 தேசிய தினத்துக்கு வந்த ‘சிங்கை நாடு’ பாட்டை வெறுமனே தேசிய தினப் பாட்டு என்று அறிவிக்காமல், உள்ளூர்க் கலைஞர் ஷபீரின் பாட்டு என்று சேர்த்துச் சொல்லுங்கள். சென்னைக் கலைஞர்களுக்கு அடைமொழி அடுக்கும் நாம், உள்ளூர்க்காரரை ‘நம்ம ஊர்த் தம்பி’ என்று ஒரே வரியில் கடத்திவிடுகிறோம்.

இது மரியாதை சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. 2021 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு பொதுவில் பயன்படும்போது தன் பெயர் குறிப்பிடப்படும் உரிமை படைப்பாளருக்கும் நிகழ்த்துகிற கலைஞருக்கும் உண்டு. நிகழ்ச்சியைக் காணொளியாக ஏற்றுகிறவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய பாட்டுதானே என்று பொது நிகழ்ச்சியில் அப்படியே ஒலிக்கவிடக் கூடாது. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைகளைக் கவனிக்கும் காம்பஸ் (COMPASS) அமைப்பின் உரிமம் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வாத்தியக்காரர்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜியின் விரல்களை வியக்கிறோம். அந்த நாதஸ்வர இசை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. நம் மேடையில் தபேலாவும் கீபோர்டும் வாசிப்பவர்களின் பெயரைக் கடைசிப் பாட்டுக்கு வைத்துக்கொண்டால், எம்ஆர்டி ரயிலைப் பிடிக்கப் பாதிக் கூட்டம் எழுந்துவிடும். மூன்றாவது, நான்காவது பாட்டு முடிந்ததுமே, அரங்கம் நிறைந்திருக்கும்போது, ஒவ்வொருவரையும் முழுப்பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிடுங்கள்.