ஏற்காட்டு வீட்டை எந்த முன்பதிவுத் தளத்தில் போடுவது? புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

ஏற்காட்டில் எங்கள் தாத்தா வீடு நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், பின்னால் கொஞ்சம் காப்பிச் செடி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். விற்க மனசு வரவில்லை, அதனால் நாள் வாடகைக்கு விடலாம் என்று இறங்கினேன். எந்தத் தளத்தில் போடுவது என்பதை முடிவு செய்யவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதே இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வெள்ளையடிப்பது, மெத்தை வாங்குவது, இன்வெர்ட்டர் வைப்பது இதெல்லாம் உங்களுக்கே தெரியும். உள்ளாட்சி அனுமதியும் சுற்றுலாத் துறைப் பதிவும் எடுத்துக்கொள்ளுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். நேராகத் தளத்துக்கு வருவோம்.

படி 1: யார் வரப்போகிறார்கள்?

எல்லாரும் முதலில் கமிஷனைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் ஊருக்கு யார் வருகிறார்கள், அவர்கள் எந்த ஆப்பில் தேடுகிறார்கள் என்பதுதான். ஏற்காட்டுக்கு வருவது பெரும்பாலும் பெங்களூரு, சென்னை, கோவைக்காரர்கள், அப்புறம் சேலம், ஈரோட்டுக் குடும்பங்கள். வெள்ளி சாயங்காலம் காரில் ஏறி வருவார்கள், ஞாயிறு மதியம் இறங்கிவிடுவார்கள்.

பெங்களூரிலிருந்து நாலு நண்பர்கள் சேர்ந்து முழு வீடாக வேண்டும் என்றால் ஏர்பிஎன்பியைத்தான் திறக்கிறார்கள். தாத்தா பாட்டியோடு வரும் குடும்பங்கள் பலவும் ரயில் டிக்கெட், விமான டிக்கெட் போட்டுப் பழகிய மேக்மைட்ரிப், கோஐபிபோ பக்கம் போகின்றன. இரண்டும் ஒரே நிறுவனம்தான். வெளிநாட்டுப் பயணிகள் நிறைய வரும் புதுச்சேரி, மாமல்லபுரம் மாதிரி ஊராக இருந்தால் புக்கிங் டாட் காமும் அகோடாவும் அவசியம். வெர்போ முழு வீடுகளுக்கான தளம்தான், ஆனால் அமெரிக்கர்களிடம் அதற்கு இருக்கும் பழக்கம் நம் ஊர்க்காரர்களிடம் இல்லை. ஏற்காட்டு வீட்டுக்கு அதை நான் எடுக்க மாட்டேன். நீச்சல் குளம், அஞ்சாறு அறை என்று பெரிய பங்களா வைத்திருப்பவர்கள் பெரிய பங்களாக்களை வாடகைக்கு விட்டுத் தரும் ஸ்டேவிஸ்டா, சாஃப்ரன்ஸ்டேஸ் போன்ற நிறுவனங்களிடம் பேசிப் பார்க்கலாம். இரண்டு அறை வீட்டுக்கு அது தேவையில்லை.

படி 2: கமிஷனைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

ஏர்பிஎன்பியில் சிறிய வீட்டுக்காரரிடம் வழக்கமாக 3 சதவீதம் பிடிப்பார்கள், விருந்தினரிடம் தனியாக 14 சதவீதத்தை ஒட்டியோ கொஞ்சம் கூடவோ வாங்குவார்கள். புக்கிங் டாட் காம் பாணியில் விருந்தினருக்குத் தனிக் கட்டணம் கிடையாது, வீட்டுக்காரர் தலையில்தான் சுமார் 15 சதவீதம். 3 எங்கே, 15 எங்கே என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது.

ஒரு இரவு 4,000 ரூபாய், இரண்டு இரவுக்கு 8,000. முதல் முறையில் 240 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 43 ரூபாய், உங்கள் கைக்கு 7,717. விருந்தினர் 8,000 ரூபாயோடு சேவைக் கட்டணம் 1,120, அதற்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துச் சுமார் 9,320 கட்டுகிறார். இரண்டாவது முறையில் 15 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போக அதே 7,717 உங்கள் கைக்கு வர வேண்டுமென்றால் விலையைச் சுமார் 9,380 என்று வைக்க வேண்டும். அறை வாடகை மீதான ஜிஎஸ்டியை இரண்டிலும் சேர்க்கவில்லை, அது இரண்டுக்கும் பொது. ஆக விருந்தினர் பையிலிருந்து போவது ஏறக்குறைய ஒரே தொகைதான்! எல்லாத் தளத்திலும் ஒரே விலையைப் போடுவதுதான் தப்பு. கைக்கு வர வேண்டிய தொகையை முதலில் எழுதிக்கொண்டு, தளத்துக்கு ஏற்றபடி விலையை ஏற்றி வையுங்கள். சதவீதம் கணக்குக்குக் கணக்கு மாறும், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துப் போடுங்கள்.

பணம் எப்போது வரும் என்பதையும் பாருங்கள். ஏர்பிஎன்பி, விருந்தினர் உள்ளே வந்து ஒரு நாள் கழித்து அனுப்பும். வேறு சில தளங்களில் விருந்தினர் வீட்டில் வந்து கொடுக்கலாம், கமிஷனுக்கு மாதாமாதம் பில் வரும். பணம் கையில் கிடைக்கும், ஆனால் விருந்தினர் வராமலே போய்விட்டால் அந்த இரவு வீண். நான் முன்பணம் தளமே வாங்கிவிடும் முறையைத்தான் விரும்புகிறேன்.

படி 3: வரி

சுருக்கமாகச் சொல்கிறேன். வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்து நீங்கள் ஜிஎஸ்டியில் பதியாதவராக இருந்தால், தளம் வழியாக வரும் முன்பதிவுக்கு ஜிஎஸ்டியைத் தளமே வாங்கிக் கட்டிவிடும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். உங்களுக்கு வர வேண்டிய பணத்தில் வருமான வரிக்காகத் தளம் பிடிக்கும் டிடிஎஸ் 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதம்தான், ஆனால் பான் எண் கொடுக்காவிட்டால் 5 சதவீதம் பிடிப்பார்கள். பான் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

படி 4: ஒரே ஒரு தளத்தில் ஆரம்பியுங்கள்

முதல் மூன்று மாதம் ஒரு தளம் போதும். பத்து நல்ல விமர்சனம் ஒரே இடத்தில் சேரட்டும். படங்களைக் காலை வெளிச்சத்தில், போனைப் படுக்கவாட்டில் பிடித்து எடுங்கள். கழிப்பறைப் படம் கட்டாயம் வேண்டும், நம் குடும்பங்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. வரைபடத்தில் புள்ளியை வைக்கும்போது வாசல் கேட் மேலேயே வையுங்கள். மலையில் ஐம்பது மீட்டர் தள்ளிப்போனால் வண்டி வேறொரு எஸ்டேட் பாதையில் ஏறிவிடும், ராத்திரியில் அங்கே சிக்னலும் இருக்காது.

படி 5: இரண்டாவது தளம், காலண்டர் இணைப்பு

நான் அடிபட்ட இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

இரண்டாவது தளத்தில் சேர்ந்ததும் இரண்டு காலண்டரையும் இணைக்க வேண்டும், ஒன்றில் பதிவானால் மற்றதில் அந்தத் தேதி அடைபட வேண்டும். இதற்கு ஐகால் இணைப்பு என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு தளமும் நீளமான ஒரு முகவரி கொடுக்கும். முதல் தளத்தின் முகவரியை எடுத்து இரண்டாவதில் ஒட்டினேன், 'இணைக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன். ஆனால் அது ஒருவழிப் பாதை. இரண்டாவதில் விழும் முன்பதிவு முதலாவதுக்குத் தெரியவே தெரியாது.

ஆயுத பூஜை விடுமுறை. ராத்திரி எட்டரை மணிக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போன் செய்தார்: "தம்பி, கேட்டுகிட்ட ரெண்டு கார் நிக்குது. ரெண்டு பேரும் போன்ல புக்கிங்கைக் காட்டுறாங்க. யாருக்குச் சாவி குடுக்கட்டும்?" நான் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பனி இறங்கியிருந்தது, இரண்டு வண்டியும் விளக்கைப் போட்டபடி நின்றன. ஒரு வண்டியின் பின் சீட்டில் ஒரு குழந்தை ஸ்வெட்டரோடு தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தை உள்ளே விட்டேன். மற்றவர்களுக்கு ஒண்டிக்கடைப் பக்கம் தெரிந்தவர் லாட்ஜில் சொல்லி, அறை வாடகை 5,500 ரூபாயை நானே கட்டினேன். அந்த இரண்டாவது வண்டியில் வந்த பெரியவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்ல தம்பி" என்று மட்டும் சொன்னார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். 'அ' தளத்தின் முகவரியை 'ஆ'வில் ஒட்டுங்கள். அப்புறம் 'ஆ'வின் முகவரியை 'அ'வில் ஒட்டுங்கள். மூன்றாவது தளம் வந்தால் மொத்தம் ஆறு முறை ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு நம்பிவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள்: நாலு மாதம் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமையை 'அ'வில் அடைத்து, 'ஆ'வில் புதுப்பி பொத்தானை அழுத்தி, அங்கும் அடைபடுகிறதா என்று பாருங்கள். பிறகு இதையே மாற்றிச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் சரியாக வந்தால்தான் விற்பனையைத் திறக்க வேண்டும்.

இன்னொன்று, இந்த இணைப்பு உடனுக்குடன் நடப்பதில்லை, தானாகப் புதுப்பிக்கச் சில மணி நேரம்கூட ஆகும். அதனால் எல்லாத் தளத்திலும் அன்றைக்கே பதிவு செய்யும் வசதியை நிறுத்தி, குறைந்தது ஒரு நாள் முன்னறிவிப்பு என்று வைத்துவிடுங்கள். கடைசி நேர வருமானம் கொஞ்சம் போகும், போகட்டும். பொங்கல், மே மாதக் கோடை விழா மாதிரி நாட்களில் நான் ஒரே தளத்தில் மட்டும் திறந்து வைத்து, மற்றதில் கையாலேயே அடைத்துவிடுகிறேன்.

பிறகு சேர்த்தது

கருத்துப் பெட்டியில் ஒருவர், ரத்தான பதிவின் தேதி திறக்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். சில தளங்கள் வெளியிலிருந்து வாங்கிய அடைப்பையும் தங்கள் முகவரியில் திருப்பி அனுப்புகின்றன, அது ஒன்றுக்கொன்று சுற்றிக்கொண்டே இருக்கும். இணைப்புகளை எல்லாம் நீக்கி, அந்தத் தேதியைக் கையால் திறந்துவிட்டு, மறுபடி ஒட்டினால் சரியாகிவிடும்.

எல்லாத் தளத்தின் காலண்டரையும் விலையையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் சேனல் மேனேஜர் மென்பொருள் வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஒரு வீட்டுக்கு வேண்டாம் என்பேன். அதோடு, 2025 அக்டோபர் கடைசியிலிருந்து இப்படி மென்பொருள் வழியாக இணைபவர்களை ஏர்பிஎன்பி அந்த 3 சதவீத முறையிலிருந்து, வீட்டுக்காரரிடமே 15.5 சதவீதம் வாங்கும் முறைக்கு மாற்றுகிறது. வெறும் ஐகால் இணைப்புக்கு இது கிடையாது. மாறியவர்கள் படி 2 கணக்கைப் புதிதாகப் போட்டு விலையை ஏற்ற வேண்டும்.

கொடைக்கானலில் வீடு வைத்திருக்கும் ஒரு அக்கா கேட்டது: விருந்தினர் இ-பாஸ் (வண்டிக்கு முன்கூட்டியே இணையத்தில் எடுக்கும் அனுமதி) இல்லாமல் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டு இவர்களைத் திட்டுகிறார்களாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த நடைமுறை அது. அக்கா, முன்பதிவு உறுதியானதும் தளம் அனுப்பும் தானியங்கிச் செய்தியில் முதல் வரியாக இதைப் போடுங்கள்: "கிளம்பும் முன் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், வண்டி எண் சரியாக இருக்கட்டும்." வழி, சாவி, சாப்பாடு எல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.