டவர்களைக் காக்கப் போராடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 செப்டம்பர் 20 அன்று, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அப்போது பிரீமியராக (மாநில முதல்வராக) இருந்த டேனியல் ஆண்ட்ரூஸ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். மெல்பர்னில் இருக்கும் 44 அரசு அடுக்குமாடி டவர்களையும், ஒன்றுவிடாமல், 2051ஆம் ஆண்டுக்குள் இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்றார். அப்போது அவற்றில் ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்தார்கள். தங்கள் வீடு இடிபடப்போகிறது என்பதைப் பலர் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஒரு வாரத்தில் ஆண்ட்ரூஸ் பதவியைவிட்டுப் போய்விட்டார். திட்டம் போகவில்லை, ஜெசிந்தா ஆலன் அரசு அதைத் தொடர்ந்தது.

இந்த இடிப்பை நான் எதிர்க்கிறேன். குடியிருப்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, டவர்களைப் பழுது பார்ப்பதே முதல் வழியாக இருக்க வேண்டும் என்பது என் நிலை. ஆனால் எதிர்ப்பவர்கள் பக்கம் நியாயம் இருந்தும் பேச்சு தோற்றுப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். காரணம் பெரும்பாலும் நாம் பயன்படுத்தும் சொல்லும், எண்ணும், நாம் விழித்துக்கொள்ளும் நேரமும்தான்.

“விற்கிறார்கள்” என்று ஒரே சொல்லில் முடிப்பது

பப்ளிக் ஹவுசிங், கம்யூனிட்டி ஹவுசிங், சோஷியல் ஹவுசிங் மூன்றும் ஒன்று என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விக்டோரியாவில் அப்படி இல்லை. பப்ளிக் ஹவுசிங்கில் அரசுதான் வீட்டுக்காரர். வாடகை குடும்ப வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டாது. கம்யூனிட்டி ஹவுசிங்கில் லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு வீட்டை நடத்துகிறது. வாடகை வருமானத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை போகலாம், அதோடு மத்திய அரசு தரும் வாடகை உதவித்தொகையும் அந்த அமைப்புக்குப் போய்விடும். சோஷியல் ஹவுசிங் என்பது இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர். அஃபோர்டபிள் ஹவுசிங் இவற்றில் எதிலும் சேராது. அதன் வாடகை சந்தை வாடகையிலிருந்து கொஞ்சம் குறைத்து வைக்கப்படுவது. சந்தை ஏறினால் அதுவும் ஏறும்.

இது தெரியாமல் போனால் என்ன ஆகும்? இடிக்கும் இடங்களில் சோஷியல் ஹவுசிங்கை 10 சதவீதமாவது கூட்டுவோம் என்பது அரசின் வாக்குறுதி. அங்கே அரசுக்குச் சொந்தமான பப்ளிக் வீடு ஒன்றுகூடத் திரும்ப வராவிட்டாலும் அந்த வாக்குறுதி நிறைவேறியதாகவே ஆகும். அதனால் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி, “எத்தனை வீடு?” என்பதோடு நிற்கக்கூடாது. “அதில் எத்தனை பப்ளிக்?” என்றும் கேட்க வேண்டும்.

அதேபோல, “அரசு நிலத்தைத் தனியாருக்கு விற்கிறது” என்று கத்தினால், “ஓர் அடி நிலம்கூட விற்கவில்லையே” என்று ஓர் அதிகாரி அமைதியாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஏனென்றால் மெல்பர்னின் ஃபிளெமிங்டன், பிரைட்டன் போன்ற பகுதிகளில் அரசு ஏற்கெனவே கையாண்டது கிரவுண்ட் லீஸ் என்ற முறை. நிலத்தை 40 ஆண்டுகளுக்கு ஒரு கூட்டு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். அந்த நிறுவனமே பணம் திரட்டிக் கட்டி, வாடகை வாங்கி, பராமரிக்கிறது. 40 ஆண்டு முடிந்ததும் நிலமும் வீடுகளும் அரசிடம் திரும்ப வரும். தாளில் பார்த்தால் இது விற்பனை இல்லைதான். ஆனால் இன்று முப்பது வயதில் இருக்கும் ஒரு தாய்க்கு 40 ஆண்டு என்பது மிச்ச வாழ்நாள் முழுவதும். அந்தக் காலம் முழுக்க அவர் வீட்டை யார் நடத்துவார்? வாடகை பாக்கி விழுந்தால் எந்த விதிப்படி நடவடிக்கை எடுப்பார்கள்? அதே நிலத்தில் எழும், சந்தை வாடகைக்கு விடப்படும் வீடுகளின் வாடகை யாருக்குப் போகும்? 40 ஆண்டு கழித்து அரசு திரும்பப் பெறும் கட்டடம் எந்த நிலையில் இருக்கும்? “தனியார்மயம்” என்ற குற்றச்சாட்டை இந்தக் கேள்விகள் வழியாக வைத்தால் அதை ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

வீட்டை எண்ணிவிட்டு அறையை எண்ணாமல் விடுவது

மூன்று படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை இடித்துவிட்டு ஒற்றைப் படுக்கையறை வீடுகள் இரண்டு கட்டினால், கணக்கில் வீடு இரு மடங்கு. தங்கக்கூடியவர்களோ குறைவு. பிள்ளைகள் அதிகம் உள்ள குடும்பங்கள் நிறைய வாழும் டவர்களில் இது சின்ன விஷயம் இல்லை. வீட்டு எண்ணிக்கையைச் சொல்லும் எந்தத் தாளைக் கொடுத்தாலும் படுக்கையறை எண்ணிக்கையைக் கேளுங்கள். இடிப்புக்கு முன்னும் பின்னும்.

இங்கே இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் சதக் பகுதியில் இருந்த ஹெய்கேட் குடியிருப்பை நம் ஆட்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஏறத்தாழ 1,200 வீடுகள் இருந்த இடம் அது. அங்கே புதிதாக ஏறத்தாழ 2,500 வீடுகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் பழைய மாதிரியான சமூக வாடகைக்கு நூறுகூட ஒதுக்கப்படவில்லை. நிலத்தை 5 கோடி பவுண்டுக்கு விற்ற உள்ளாட்சி மன்றம், இருந்தவர்களை வெளியேற்றவே 4 கோடிக்கு மேல் செலவழித்தது. நெஞ்சைப் பிசையும் கணக்கு. ஆனாலும், “மெல்பர்னிலும் இதேதான் நடக்கப்போகிறது” என்று சொல்லாதீர்கள். இங்கே அரசு எழுத்தில் சொல்வது 10 சதவீதக் கூடுதல். ஒப்பீடு பொருந்தவில்லை என்று காட்டுவது அவர்களுக்கு எளிது. அதைவிட அரசின் சொந்த எண்களையே எடுத்துக்கொள்ளலாம். 10,000 பேர் வாழ்ந்த நிலத்தில் 30,000 பேரைக் குடியமர்த்துவதாகத் திட்டம் சொல்கிறது. கூடுதலாக வரும் 20,000 பேரில், சோஷியல் ஹவுசிங்குக்கான காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அந்த 10 சதவீதத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் கணக்குப் போடலாம்.

டவரின் குறைகளை மறைப்பது

பாசத்தில் செய்யும் தவறு இது. வீட்டைக் காக்க வேண்டும் என்ற வேகத்தில், “எங்கள் கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை” என்று பேசிவிடுகிறோம். அடுத்த வாரமே லிஃப்ட் நின்று, ஒரு வயதானவர் படியேற முடியாமல் கீழே காத்திருப்பார். செய்தியாளர் படம் எடுத்துப் போடுவார். அதற்குப் பிறகு நாம் சொல்லும் மற்ற எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

விக்டோரியா ஹவுசிங் கமிஷன் என்ற அரசு வீட்டுவசதி அமைப்பு 1960களிலும் 70களின் தொடக்கத்திலும், ஹோம்ஸ்கிளென் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டு கட்டிய கட்டடங்கள் இவை. சுவரில் பூஞ்சை, வெயில் காலத்தில் தாங்க முடியாத சூடு, பழைய குழாய்கள் எல்லாம் உண்மை. முதலில் நாமே அதைச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு, இத்தனை ஆண்டுகளாக வீட்டுக்காரராக இருந்தது யார் என்றும் கேட்க வேண்டும். பராமரிக்காமல் விட்டவரே பழுதைக் காட்டி இடிக்கலாம் என்றால், வாடகைக்கு இருக்கும் எவருக்கும் பாதுகாப்பு கிடையாது.

மாற்று இருக்கிறது. பிரான்சின் போர்தோ நகரில் கிராண்ட் பார்க் என்ற இடத்தில், 1960களில் கட்டிய மூன்று கட்டடங்களை லகட்டோன், வசால் என்ற கட்டடக்கலைஞர்கள் தங்கள் கூட்டாளிகளோடு சேர்ந்து புதுப்பித்தார்கள். மொத்தம் 530 வீடுகள். வெளிப்புறமாக ஆழமான, கண்ணாடியடைத்த தாழ்வாரங்களைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு வீடும் பெரிதானது, வெளிச்சம் வந்தது, குளிர் குறைந்தது. வேலை நடந்தபோது மக்கள் தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். அந்த இருவருக்கும் 2021இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. மெல்பர்னிலேயே ஆஃபிஸ் என்ற லாப நோக்கற்ற வடிவமைப்புக் குழு, ஆஸ்காட் வேல், போர்ட் மெல்பர்ன் குடியிருப்புகளை இடிக்காமல் பழுது பார்த்து மேம்படுத்தத் திட்டம் வரைந்து காட்டியிருக்கிறது.

அதற்காக, “பிரான்சில் முடிந்தது, இங்கேயும் எல்லாக் கட்டடத்திலும் முடியும்” என்று அடித்துப் பேசவும் வேண்டாம். கான்கிரீட்டின் நிலை கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். ஒவ்வொரு டவருக்கும் தனித்தனிப் பொறியியல் அறிக்கை எங்கே, பழுது பார்க்கும் செலவையும் இடித்துக் கட்டும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த கணக்கு எங்கே என்று விடாமல் கேளுங்கள். 44 கட்டடங்களுக்கும் ஒரே முடிவு என்பதுதான் எனக்கு இன்றுவரை ஏற்க முடியாத விஷயம்.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவது

2024 தொடக்கத்தில் இன்னர் மெல்பர்ன் கம்யூனிட்டி லீகல் என்ற சட்ட உதவி மையத்தின் துணையோடு, குடியிருப்பவர்கள் சார்பில் கூட்டு வழக்கு தொடரப்பட்டது. 2025 ஏப்ரலில் விக்டோரியா உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வென்றாலும் கதை முடிவதில்லை. லண்டன் லாம்பெத் பகுதியின் கிரெஸிங்ஹாம் கார்டன்ஸ் மக்கள் 2015இல் வழக்கில் வென்றார்கள். பழுது பார்க்கும் யோசனைகளை உள்ளாட்சி மன்றம் கலந்தாய்வின் பாதியிலேயே நிறுத்தியது சட்டத்துக்குப் புறம்பு என்றது நீதிமன்றம். உள்ளாட்சி மன்றம் கலந்தாய்வை மறுபடி நடத்தி, அடுத்த ஆண்டே மறுபடியும் இடிப்பு என்று முடிவெடுத்தது. வழக்கு நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்தில் வாசல் வாசலாகப் போகிறோமா என்பதுதான் கேள்வி.

புல்டோசர் வரும் நாளுக்குக் காத்திருப்பது

டவர் விழுவது கடைசியில். அதற்கு ரொம்ப முன்பே அது காலியாகத் தொடங்கிவிடும். ஒரு மாடியில் இரண்டு வீடு பூட்டப்படும், அப்புறம் நான்கு. இருட்டிய நடைபாதையில் தனியாக வசிக்கப் பயந்து மற்றவர்களும் கிளம்புவார்கள். ஆகவே முதல் இடமாற்றக் கடிதம் வரும் நாள்தான் முக்கியமான நாள்.

“திரும்பி வரும் உரிமை உண்டு” என்று வாயால் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். எந்த இடத்துக்கு, எத்தனை படுக்கையறை, யார் வீட்டுக்காரர், எந்த வாடகை விதி, இடம் மாறும் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை மறக்க வேண்டாம். இன்று பத்து வயதில் இருக்கும் பிள்ளை அன்றைக்குத் தனியே போயிருக்கலாம். குடும்பம் சிறிதாகிவிட்டது என்று சிறிய வீடு காட்டப்படலாம். லண்டனில் 2018 ஜூலை முதல், மேயரின் நிதி பெறும் பெரிய இடிப்புத் திட்டங்களுக்குக் குடியிருப்பவர்களின் வாக்கெடுப்பு கட்டாயம். அதை இங்கேயும் கேட்பதில் என்ன தவறு?

மக்களுக்காகப் பேசுவதாக நினைத்து அவர்களைப் பேசவிடாமல் செய்வது

2020 ஜூலை 4 அன்று ஃபிளெமிங்டன், நார்த் மெல்பர்ன் பகுதிகளில் ஒன்பது டவர்கள் கோவிட் காரணம் காட்டி ஒரே மாலையில் அடைக்கப்பட்டன. ஏறத்தாழ 3,000 பேர், முன்னறிவிப்பு இல்லை, வாசலில் போலீஸ். அந்த உடனடி அடைப்பு மனித உரிமைச் சட்டத்தை மீறியது என்று விக்டோரியாவின் அப்போதைய ஒம்புட்ஸ்மன் (அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி) டெபோரா கிளாஸ் அந்த டிசம்பரில் அறிக்கை தந்தார். இடிப்புக்கு முதலில் குறிக்கப்பட்டவற்றில் ஃபிளெமிங்டனின் இரண்டு டவர்களும், நார்த் மெல்பர்னின் ஆல்ஃபிரட் தெரு டவரும் அந்த ஒன்பதில் இருந்தவைதான். அங்கே இருப்பவர்களிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போது இந்த நினைவோடு போக வேண்டும். கடிதத்தை ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லக்கூடாது. சோமாலி, அம்ஹாரிக், வியட்நாமியம் பேசுகிறவர்களுக்குத் தகுந்த மொழிபெயர்ப்பாளரோடு போங்கள். மேடையும் அவர்களுக்கே.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது ஒன்று உண்டு. மாற்று வீட்டை ஏற்றுக்கொண்டு போனவர்களைத் துரோகி போலப் பார்ப்பது. ஆஸ்துமா உள்ள குழந்தையை வைத்துக்கொண்டு பூஞ்சை பிடித்த சுவருக்குள் இருந்த தாய், புது வீட்டுச் சாவி கிடைத்ததும் போனால் அது அவர் உரிமை. அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். புது முகவரியும் எண்ணும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். அவருக்கு வந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது, போன இடத்தில் வாடகை எவ்வளவு ஆனது என்று இன்னும் டவரில் இருக்கிறவர்களிடம் சொல்லக்கூடியவர் அவர்தான்.