டெக்சாஸ் காட்டுப்பன்றிக்கு எந்தத் தீனி எடுபடும்?

நான் வேட்டைக்குப் போவது மத்திய டெக்சாஸில், லானோ பக்கம், தெரிந்தவர் ஒருவரின் மாட்டுப் பண்ணைக்கு. புதிதாகக் கூட வருகிற நண்பர்கள் எல்லோரும் என்ன வைத்தால் பன்றி வரும் என்றுதான் முதலில் கேட்பார்கள். புளிக்க வைத்த மக்காச்சோளம் என்பதுதான் என் பதில். கடையில் டப்பா டப்பாவாக விற்கிற வாசனைப் பொடிகளை நான் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால், 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. பொது வேட்டை நிலங்களில் அப்படியில்லை. அங்கே உரிமம் வேண்டும், தீனி போடவும் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் இதில் எதையும் செய்து பார்க்க வேண்டாம், அங்கே 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடியைக் கடித்து வாய் சிதறிய யானைகளைப் பற்றிக் கோவைப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, வெறும் மக்காச்சோளம் போதாதா? பன்றி அதையும் விரும்பித்தான் தின்னும். ஆனால் மான், வான்கோழி, ரக்கூன் என்ற சிறு விலங்கு, காக்கை என்று ஊரே பந்திக்கு வந்துவிடும். ஐம்பது பவுண்டு மூட்டையைக் கொட்டிவிட்டு வந்தால், ராத்திரி பன்றி வருவதற்குள் பாதி காலியாகியிருக்கும். மானுக்கென்று, குறித்த நேரத்தில் மோட்டார் ஓடிச் சோளம் தூவும் ஃபீடர் ஏற்கெனவே நிற்கிற பண்ணை என்றால் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். மோட்டார் சத்தம் கேட்டதும் ஓடிவரப் பன்றிகள் சீக்கிரமே பழகிவிடும்.

புளிக்க வைப்பது சாராய ஊறல் போடுவதைப் போலத்தான். இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் முக்கால் அளவுக்கு உலர்ந்த மக்காச்சோளத்தைக் கொட்டுங்கள். சோளம் ஊறி உப்பும் என்பதால், அதற்கு மேல் நான்கு விரல் உயரம் நிற்கிற மாதிரி தண்ணீர் விடுங்கள். இரண்டு கப் சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு பாக்கெட், ஸ்ட்ராபெர்ரி ஜெல்லிப் பொடி ஒன்று. மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து தெறிக்கும். வெயிலில் வைத்தால் கோடையில் மூன்று நான்கு நாளில் தயார். குளிரில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். வீட்டுக் கராஜில் மட்டும் வைக்காதீர்கள், குடும்பத்தில் சண்டை வரும். சோளம் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை பிடித்திருந்தால் அந்த வாளியைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பூசணச் சோளத்தில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உருவாகலாம். பறவைகளுக்கும் மானுக்கும் அது ஆகாது.

இந்தப் புளித்த வாடை பன்றியை வெகு தூரத்திலிருந்து இழுக்கும், மான் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். ரக்கூனுக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. அதனால் தரையில் கொட்டாமல், வேலிக்கால் குழி தோண்டும் கருவியால் இரண்டடி ஆழத்துக்கு ஒடுக்கமான குழி போட்டு, சோளத்தைத் தண்ணீரோடு ஊற்றி, மண்ணை லேசாகத் தள்ளி, மேலே ஒரு கை சோளம் தூவிவிடுங்கள். மூக்கால் கிண்டுவது பன்றிக்குப் பிறவிக் குணம். தரையில் கிடப்பதை நிமிடத்தில் தின்றுவிட்டு நகர்கிற கூட்டம், குழியைச் சுற்றி வெகுநேரம் நிற்கும். நிதானமாகக் குறி பார்க்க அந்த நேரம்தான் நமக்கு வேண்டும்.

சிலர் சோளத்தில் டீசல் ஊற்றுகிறார்கள். மான் தொடாது, பன்றி தின்னும் என்பது உண்மைதான். ஆனால் மண்ணும் ஓடைத் தண்ணீரும் கெடும். அந்தப் பன்றியின் கறியை நான் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன். எண்ணெய் வாடைதான் வேண்டுமென்றால், கிரியோசோட் என்ற தார் எண்ணெய் பூசிய பழைய மரத் தந்திக் கம்பம் ஒன்றை நட்டுவையுங்கள். பேனும் உண்ணியும் போக உடம்பைத் தேய்த்துக்கொள்ளப் பன்றிகள் அதைத் தேடி வரும். வேர்க்கடலை வெண்ணெய் ரக்கூனுக்குத்தான் விருந்து. மீன், கறிக் கழிவு போட்டால் கழுகும், கொயோட்டி என்ற குள்ளநரி போன்ற விலங்கும் கூடும்.

எந்தத் தீனியானாலும் காலம் பார்த்து வைக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்கும்போது எந்த வாளியும் எடுபடாது. அப்போது தீனியை மறந்துவிட்டு மரத்தடியில் போய் உட்காருங்கள். கொட்டை தீர்ந்து புதுப் புல் வராத ஜனவரி, பிப்ரவரிதான் தீனிக்கு நல்ல மாதங்கள். கோடையில் மெஸ்கிட் என்ற முள்மரத்தின் காய் போட்டிக்கு வரும். தவிர, பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர்த்துக்கொள்ள வழியில்லை. வெயில் ஏறினால் சேற்றை விட்டு அதிகம் விலகாது. குழியை ஓடைக்கரையிலோ மாட்டுக் குட்டைக்குப் பக்கத்திலோ, குளம்புத் தடமும் கிண்டிய மண்ணும் தெரிகிற இடத்தில் போடுங்கள்.

உட்காரும் இடத்துக்குக் காற்றுதான் கணக்கு. இங்கே பெரும்பாலும் தெற்குக் காற்று, குளிர் அலை வந்தால் வடக்கு. அதனால் குழிக்கு இருபுறமும் பக்கத்துக்கு ஒரு மறைவிடம் பார்த்துவைத்து, நம் வாடை குழிப் பக்கம் போகாதபடி அன்றைய காற்றைப் பொறுத்து உட்காருங்கள். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு அப்படியல்ல.

விலங்கு வந்தால் தானாகப் படமெடுக்கும் ட்ரெயில் கேமரா ஒன்றைக் கட்டிவிட்டு, கூட்டம் தொடர்ந்து வர ஆரம்பிக்கும்வரை சுடாமல் தீனியை மட்டும் நிரப்புங்கள். சுட்ட பிறகு மிச்சக் கூட்டம் அந்தக் குழியைச் சந்தேகப்படும், நடுச்சாமத்துக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும். அப்புறம் அங்கேயே காத்திருப்பது வீண். அதே ஓடையில் வேறொரு வளைவில் புதுக் குழி போடுங்கள். கூட்டத்தையே ஒழிக்க வேண்டும் என்று பண்ணைக்காரர் கேட்டால் துப்பாக்கி சரிப்படாது. அதே வாளிச் சோளத்தை வட்டமான பெரிய கம்பிப் பட்டிக்குள் வைத்து, எல்லாம் உள்ளே வந்த பிறகு கதவை விழவிடுவதுதான் வழி.