போஸ்டரில் மட்டும் கலங்கிய மஞ்சள் இலை

கோவைக் கருத்தரங்குக்கு ஈரோட்டு மஞ்சளின் இலைப்புள்ளி நோய் பற்றி போஸ்டர் தயாரித்தேன். திரையில் பளிச்சென்ற படம் ஏ0 என்ற பெரிய போஸ்டர் தாளில் கலங்கி வந்தது. சாம்பல் நிற நடுப்பகுதியும் அதைச் சுற்றிய மஞ்சள் வளையமும் தெரிந்தால்தானே இலைப்புள்ளி? மூன்று நாள் வீண்.

முதலில் பிரிண்டர் மேல் சந்தேகம். கடை மாற்றினேன். "நீங்க குடுத்த ஃபைலே அப்படித்தானுங்க" என்றார் அந்தக் கடைக்காரரும். கேமராவில் மறுபடி எடுத்த படமும் அப்படியே வந்தது.

காரணம் பவர்பாயிண்டில் இருந்தது. ஸ்லைடை ஏ4 அளவில் வைத்திருந்தேன். சேமிக்கும்போது அது படங்களை அங்குலத்துக்கு 220 புள்ளியாகச் சுருக்கியிருந்தது. ஏ0 நீள அகலத்தில் நான்கு மடங்கு. மிஞ்சுவது 55 புள்ளிதான்.

ஸ்லைடை 84.1 × 118.9 செ.மீ. ஆக்கி, மேம்பட்ட அமைப்புகளில் படச் சுருக்கத்தை நிறுத்தினேன். அப்போதும் தெளியவில்லை! ஏற்கெனவே சுருங்கிய படம் திரும்ப விரியாது. அழித்துவிட்டு மூலப்படத்தை மறுபடி சேர்க்க வேண்டும். சேர்த்தேன். பிடிஎஃப் ஆக்கி, நோய்ப்படம் உள்ள பகுதியை மட்டும் அசல் அளவில் ஏ4 தாளில் அச்சிட்டுப் பார்த்தேன். வளையம் தெளிவாக விழுந்தது, நிம்மதி. அதன் பிறகே முழு போஸ்டரும் அச்சுக்குப் போனது.