நந்தியாவட்டையும் பின்னால் இருக்கும் இருட்டும்

நந்தியாவட்டையை நீர்வண்ணத்தில் தீட்ட வெள்ளை நிறம் வாங்க வேண்டியதில்லை. தாளின் வெண்மையே பூ. உழைப்பெல்லாம் பின்னணிப் பச்சையில்தான். அதை ஒரே நிறமாக அப்பினால், பூ சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் போலாகிவிடும்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை அளவு) பருத்தித் தாள் வாங்குங்கள். மெல்லிய தாள் ஈரத்தில் நெளியும். தூரிகையில் சிக்கனம் பிடிக்கலாம், 8ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்றே போதும். எலுமிச்சை மஞ்சள், சாப் கிரீன், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு) என நான்கு வண்ணங்கள்.

1. காற்றாடி போல் ஒரே பக்கம் திரும்பிய ஐந்து இதழ்களைப் பென்சிலால் மெலிதாக வரையுங்கள்.

2. மின்விசிறியை நிறுத்திவிட்டு, பூவைத் தவிர்த்துச் சுற்றிலும் வெறும் தண்ணீர் பூசுங்கள். தேங்கிய நீர் உள்ளிழுத்து மினுமினுப்பு மட்டும் எஞ்சும்போது மஞ்சளையும் வெளிர் நீலத்தையும் அங்கங்கே தொட்டு விடுங்கள். அவை தாமாகப் பரவட்டும். விளிம்பில்லாத இந்த மங்கல்தான் தொலைவு.

3. காயவிடுங்கள். புறங்கைக்குத் தாள் குளிர்ச்சியாகத் தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. என் பழைய படங்களில் பாதி இந்த இடத்தில்தான் பாழாயின. அரை ஈரத்தில் நீர் மிகுந்த தூரிகை பட்டால் காலிஃபிளவர் போலத் திட்டு விழும். அதைத் தேய்க்கத் தேய்க்க இன்னும் மோசமாகும்.

4. இனி இலைகள். ஆனால் இலையை வரையாதீர்கள், இலைகளுக்கு நடுவே உள்ள சந்துகளை நிரப்புங்கள். சாப் கிரீனில் சிறிது நீலம் கலந்து, இலையின் ஓரமாகக் கோடிட்டு, கோட்டின் வெளிப்பக்கத்தை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள். முதல் பூச்சின் வெளிர் நிறமே இலையாக எஞ்சும். காய்ந்ததும் அந்தச் சந்துக்குள் இன்னும் சிறிய சந்து, இன்னும் அடர்ந்த பச்சை. கைக்கு இது பழக நாளாகும். பழைய தாளின் பின்பக்கத்தில் நான்கைந்து தடவை செய்து பாருங்கள்.

5. அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியென்னாவையும் கெட்டியாகக் கலந்தால் ஆழ்ந்த இருட்டு கிடைக்கும். டியூபில் வரும் கறுப்பு எனக்குப் பிடிப்பதில்லை, தாளில் ஓட்டை விழுந்தது போலிருக்கும். காய்ந்தால் வெளிறும் என்பதால் துணிந்து அடர்த்தியாகவே எடுங்கள். இதழ்களை ஒட்டி இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வையுங்கள். பூவைச் சுற்றி வளையமாகப் போட்டால் முதலில் சொன்ன ஸ்டிக்கர் திரும்பி வந்துவிடும்.

6. கடைசியாக, நீர்த்த நீலத்தில் இதழ்களுக்கு நிழல். நடுவில் ஒரு பொட்டு மஞ்சள்.